ப்ளூடூத் தராசும் பத்து மணி வாட்ஸ்அப்பும்: வேலை சுலபமானதா, சுமையானதா?

பாபநாசம் கடைக்காரர்:
ரேஷன் கடை விற்பனையாளர் நான். 700 அட்டைக்கு ஒரே ஆள். 2020 அக்டோபரில் விரல் ரேகை வந்தது. இப்போது மின்னணுத் தராசை ப்ளூடூத்தில், பில் போடுகிற பிஓஎஸ் கருவியோடு இணைத்துவிட்டார்கள். அரிசியைத் தராசில் வைத்து எடை நின்றால்தான் கருவி ஏற்கும். அப்புறம் சர்க்கரை, அப்புறம் கோதுமை. நடுவில் இணைப்பு போனால் திரும்பவும் முதலிலிருந்து.

நாற்று நடுகிற பெண்களுக்கு ரேகையே தேய்ந்து கிடக்கிறது. கட்டைவிரல் எடுக்காது. முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலை வைப்பார்கள், பிறகு கருவிழி, அதுவும் இல்லையென்றால் ஓடிபி. ஓடிபி வருகிற போன் திருப்பூரில் மகன் கையில் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் கருவியையா திட்டுவார்கள்? என்னைத்தான். ராத்திரி தூக்கம் இல்லை, பிரஷர் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வெளியே சொன்னால் "இவனுக்கு உடம்பு வணங்கவில்லை" என்கிறார்கள். டெல்டாவில் மற்ற துறைக்காரர்களுக்கும் இப்படித்தானா?

கடைமடை விவசாயி:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்காத சர்க்கரையை வாங்கியதாக என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்த காலம் ஒன்று உண்டு. போய்க் கேட்டால் "கணக்குக்காகப் போட்டது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்பார்கள். அந்த அடுத்த மாதம் வந்ததே இல்லை. இன்று தராசு சொல்கிறது, பில் வருகிறது. உங்களுக்கு மன அழுத்தம் என்றால், ஏமாந்து திரும்பிய எங்களுக்கு என்ன பெயர்?

மன்னை ஐடி:
நான் மென்பொருள் எழுதுகிற பக்கம். எந்தப் புதுக் கருவி வந்தாலும் முதல் ஆறு மாதம் புலம்பல்தான். 2016-ல் யுபிஐ வந்தபோது யார் நம்பினார்கள்? இன்று இளநீர் வண்டியில் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் பாதி அழுத்தம் போய்விடும். மீதிப் பாதி, பழகிக்கொள்ள மனசு இல்லாதது.

குடந்தை ஆலோசகர்:
தம்பி, நீங்கள் சொல்வது 1984-லேயே சொன்னது. அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் பிராட் இதற்கு 'டெக்னோஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்தபோது, புதிய கணினிகளை ஆரோக்கியமாகச் சமாளிக்க முடியாததால் வரும் நோய் என்றுதான் விளக்கினார். பழி முழுக்க மனிதன் மேல். பிறகு வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 2007-ல் மோனிதீபா தராஃப்தாரும் மற்றவர்களும் இதற்கு ஐந்து காரணிகளை வைத்து ஆய்வு செய்தார்கள்: வேலைப்பளு கூடுவது, வேலை வீட்டுக்குள் நுழைவது, கருவி புரியாமல் திணறுவது, வேலை போய்விடுமோ என்ற பயம், ஓயாமல் மாறுகிற முறைகள். பயிற்சி தீர்ப்பது இதில் ஒன்றை. அதை வைத்துக்கொண்டு 'பாதி' என்றால் எப்படி?

என்னிடம் வருகிறவர்கள் யாரும் "செயலி புரியவில்லை" என்று அழுததில்லை. எந்தப் பொத்தான் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சர்வர் நின்றதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்களே என்றுதான் அழுகிறார்கள்.

தாளடி (வருவாய்த் துறை):
அதேதான். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வே நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நில உட்பிரிவுக்கும் வயலில் போய் நின்று படம் எடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்தோம், வேளாண் கல்லூரி மாணவர்களை இறக்கினார்கள். சம்பாப் பயிர் நிற்கும்போது, மழையில், வழுக்குகிற வரப்பில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் 'பழகிக்கொள்ள மனசில்லை' என்று பேச மாட்டார்கள்.

செயலி வந்ததால் தாள் போயிருந்தால் நானே மாலை போடுவேன். போகவில்லையே! ஏற்றியதையே பதிவேட்டில் எழுது, எழுதியதைப் படம் எடுத்து குரூப்பில் போடு, அதையே எக்செல் ஆக்கி ராத்திரி பத்து மணிக்குள் அனுப்பு. அங்கன்வாடியில் இருக்கும் என் தங்கைக்கும் இதே கதை. போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடிச் செயலியில் முகம் பதிய வேண்டும், நோட்டும் எழுத வேண்டும். நடுவில் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மன்னை ஐடி:
இரட்டை வேலை தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நிர்வாகத்தின் குற்றம், செயலி மேல் ஏன் பாய்கிறீர்கள்? பிரான்ஸ் மாதிரி சட்டம் கேளுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை அங்கே 2017-லிருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து. நம் நாடாளுமன்றத்திலும் எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை.

கடைமடை விவசாயி:
நல்ல கதை. கொள்ளிடத்தில் நடுராத்திரி தண்ணீர் ஏறுகிறது, வி.ஏ.ஓ. போனை அணைத்துவிட்டு உரிமை என்பார். நாங்கள் மரத்தில் ஏறிக்கொள்வதா?

தாளடி (வருவாய்த் துறை):
வெள்ளத்துக்குக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன் என்று யார் சொன்னது? கஜா புயலில் டவரெல்லாம் சாய்ந்து போன் செத்துக் கிடந்தபோதும் ஊரில்தான் இருந்தோம். நான் எதிர்ப்பது வெள்ள அழைப்பை அல்ல. அந்த குரூப்பில் நூறு 'காலை வணக்கம்', அதிகாரிக்குப் பிறந்தநாள் வாழ்த்து, நடுவே புதைந்த ஒரு உத்தரவு. அதைப் பார்க்கத் தவறினால் மெமோ. அதனால் சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

குடந்தை ஆலோசகர்:
இப்படியே வருடக்கணக்கில் போனால் என்ன ஆகும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன்அவுட்' என்ற பெயரில் எழுதிவைத்திருக்கிறது. சக்தி வற்றுவது, வேலை மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்கிற வேலையின் திறன் குறைவது. இதை அவர்கள் நோய் என்று வகைப்படுத்தவில்லை, பணி சார்ந்த நிலை என்றார்கள். அதாவது மாத்திரை மட்டும் போதாது, வேலையையும் திருத்த வேண்டும்.

பாபநாசம் கடைக்காரர்:
விவசாயி அண்ணனுக்கு ஒரே பதில். என் தராசு எடையைக் கருவி பார்க்கிறது, சரி. எனக்குக் கிடங்கிலிருந்து வரும் மூட்டையை யார் பார்க்கிறார்கள்? குறைந்து வந்தால் இறக்குகிறவரிடம் கேட்க முடியாது, கருவியிடமும் சொல்ல முடியாது. கடைசியில் குறைவது என் சட்டைப் பையில். நேர்மையாக இருக்க நான் தயார். மேலே இருப்பவர்களுக்கும் அதே ப்ளூடூத்தை மாட்டுங்கள்.

கடைமடை விவசாயி:
கிடங்கு எடை ஊரறிந்த விஷயம்தான். அதற்காகக் கடைத் தராசைப் பிடுங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்டோபர் 2 கிராம சபையில் கிடங்கிலும் தராசு வைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறேன். நீங்கள் எழுந்து ஆதரித்துப் பேசுவீர்களா?

பாபநாசம் கடைக்காரர்:
மனு நான் எழுதித் தருகிறேன். பேச மாட்டேன், எனக்கு இடமாற்றம் வரும்.