புகார் கொடுத்தவர் மீதே பழி: ஆதாரம் சேர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். என் அண்ணன் சாதாரண ஆள். கட்சி, சங்கம் எதிலும் இல்லை. குடிநீர்க் குழாய் வேலையில் முறைகேடு என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தார். அதற்குப் பதிலே வரவில்லை. ஆனால் "அவருக்கு மனநிலை சரியில்லையாமே?" என்று பக்கத்து வீட்டு அக்கா அண்ணியிடமே கேட்கிறார். விசாரிக்க வந்த அதிகாரி அப்படிச் சொன்னாராம். அண்ணன் வேலை செய்யும் இடத்துக்கு மொட்டைக் கடிதமும் போயிருக்கிறது.

புகாருக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்கள் சந்தேகம்தான், நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அரசு அமைப்புகள் இப்படிச் செய்யவே செய்யாது என்று யாரும் சொல்லாதீர்கள். 1964இல் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்குக்கே மொட்டைக் கடிதம் அனுப்பியது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, வதந்தி பரப்பி ஆளின் நற்பெயரைக் குலைப்பதற்கென்றே 1976இல் எழுத்தில் உத்தரவு போட்டது. 1992 முதல், ஸ்டாசி தங்களைப் பற்றி வைத்திருந்த கோப்புகளைப் படிக்க முடிந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

கடிதத்தை உறையோடு, தபால் முத்திரை கலையாமல் வைத்திருக்கிறோம். வாய்ப்பேச்சை எப்படி ஆதாரமாக்குவது? அந்த அக்கா எழுதித் தரப் பயப்படுகிறார், அவரை வற்புறுத்த மனம் வரவில்லை. நாங்களாகவே மனநல மருத்துவரிடம் சான்று வாங்கினால் உதவுமா, அதையே எதிராகத் திருப்புவார்களா? வீட்டில் இதில்தான் பெரிய வாக்குவாதம். அண்ணன் வெளியே போவதையே குறைத்துவிட்டார். வழக்கறிஞர்களும் இதை அனுபவித்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.