நுவரெலியா குளிரில் சீனி மீட்டர் மக்கர் பண்ணுது

கேள்வி: அம்மாவுக்கு விடியக்காலையில வெறும் வயித்துல சீனி பார்த்தா மீட்டர்ல பிழைக்குறிதான் வருது. மத்தியானம் ஒழுங்கா ஓடுது. உயரம் காரணமா?

பதில்: உயரம் இல்லீங்க. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர். பெரும்பாலான மீட்டர்கள் 3,000 மீட்டர் வரை தாங்கும். குளிர்தான். பலதுக்கு 10 முதல் 40 பாகை வரைதான் கணக்கு. ஜன்னலோரம் வைக்காம, மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் சூடான அறையில அரைமணி நேரம் வச்சிட்டுப் பாருங்க. அடுப்புப் பக்கம் வேணாம்.

பதில்: விரல் சில்லுனு இருந்தா ரத்தம் வராது. அமுக்கிப் பிதுக்கினா திசுநீர் கலந்து அளவு தப்பும். வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, நல்லாத் துடைச்சு, கையைக் கொஞ்சம் தொங்கப்போட்டு, விரல் நுனியின் பக்கவாட்டுல குத்துங்க. பழம் உரிச்ச கையோட குத்தினா சீனி கூடக் காட்டும். ஸ்ட்ரிப் எடுத்ததும் டப்பாவை மூடணும். நம்ம மூடுபனி ஈரமே அதைக் கெடுத்துடும்.

கேட்டவர்: ஒரே நேரத்துல ஆய்வுகூடத்துல 126, மீட்டர்ல 138. மீட்டர் பழுதா?

பதில்: இல்லை. 100க்கு மேல 15 சதவீத வித்தியாசத்தை, சீனி மீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197 ஏத்துக்குது. 126க்கு ஏறக்குறைய 107 முதல் 145 வரை சரி. ஆனா 70க்குக் கீழ காட்டி, வியர்த்து நடுங்கினா மீட்டரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல சீனித்தண்ணி குடுங்க.