ப்ரொவெனன்ஸ்: 'பூர்வீகம்' சரிவருமா?

> 'பூர்வீகம்' என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியுமே.

ஐயா, வணக்கம். புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பூர்வீகம் எது என்று கேட்டால் ஊர்ப்பெயர்தான் பதிலாக வரும். ப்ரொவெனன்ஸ் (provenance) என்றால் ஒரு கலைப்பொருள் எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தது என்ற வரலாறு; இங்கே நமக்குத் தமிழ்ச்சொல் வேண்டியது அதற்குத்தான்.

லண்டன் ஆப்ஸ்லி மாளிகையில் உள்ள எகிப்தியப் பீங்கான் தொகுதியைப் பாருங்கள். பிரான்சின் செவ்ர் ஆலையில் 1810-12இல் செய்தது. தட்டின் நடுவே, நெப்போலியனின் படையெடுப்போடு போன ஓவியர் தெனோன் எகிப்தில் வரைந்த காட்சிகள், சுற்றிலும் நீலக்கரை, அதில் பொன்வேலை. மணமுறிவுப் பரிசாக நெப்போலியன் ஜோசஃபினுக்குக் கொடுத்தார். அம்மையார் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். ஆலையிலேயே கிடந்ததை 1818இல் பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி தூக்கிக் கொடுத்தது யாருக்கு? வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனுக்கு! இந்தக் கதையில் 'செவ்ர்' என்ற பூர்வீகம் ஒரு வரிதான்.

பூர்வீகம் ஏமாற்றவும் செய்யும். 1800இல் செவ்ர் ஆலையின் இயக்குநரான ப்ரோன்யார், ஓவியம் தீட்டாத பழைய வெள்ளைக் கலங்களை விற்றுத் தள்ளினார். வெளியார் வாங்கிப் பழைய பாணியில் பூவேலை செய்தார்கள். சுட்டது செவ்ர், தீட்டியது வேறு கை. ஆலையின் விற்பனைப் பதிவேடு, ஏலப் பட்டியல், உயில் என்று தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்தோடு நிற்காமல் வில்லங்கமும் போட்டுப் பார்ப்பதில்லையா? ('வில்லங்கம்' என்றே முன்மொழியலாம், அருங்காட்சியகத்தார் அடிக்க வருவார்கள்.)

என் பரிந்துரை: உடைமைவழி.

> உடைமைவழி

திருடன் உடைமையாளனா, அம்மா? 1837இல் ரஷ்யாவின் குளிர்கால அரண்மனை எரிந்தபோது காதரின் அரசியின் செவ்ர் தொகுதியிலிருந்து பல கலங்கள் திருடுபோயின. அவை லண்டன் வணிகர்களிடம் போய்ச் சேர, பலவற்றை ரஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார். நடுவில் வைத்திருந்தவனையும் பதிய வேண்டுமே. 'கைமாற்று' எனலாமா?

> கைமாற்று

அது வட்டியில்லாக் கடன், ஐயா. 'கைமாறு' என்றால் பதிலுதவி. இரண்டும் வேண்டாம். ஆனால் திருடன் பற்றிய தடை நியாயமானது. 'வழி' என்றால் வாரிசுரிமை வாடையும் அடிக்கிறது. 'கைத்தடம்' எப்படி? யார் கை என்று தீர்ப்புச் சொல்லாது. 'கைத்தட ஆய்வு', 'கைத்தடம் 1837இல் அறுபடுகிறது' என்றெல்லாம் எழுத வருகிறது. தடயவியல்காரர்கள் இதைக் கைரேகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்களா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.