திரியாய்க் குன்று நடை: விடியுமுன்பா, விடிந்த பிறகா?

கொட்டியாரத்தான்:
பங்குனி இரண்டாம் ஞாயிறு திரியாய்க் குன்று நடைக்கு இதுவரை முப்பத்தெட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறார்கள். திருகோணமலையிலிருந்து வான்கள் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படும். நிலாவெளி, குச்சவெளி வழியாக ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஐந்து மணிக்கு வயலில் இறங்கி, வரம்புகளில் நடந்து, வெயில் ஏறுவதற்குள் உச்சியில் நிற்க வேண்டும் என்பது திட்டம். மாரி மழை விட்டுவிட்டது, கச்சான் எனும் வறண்ட மேல்காற்று இன்னும் தொடங்கவில்லை. இதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். உங்கள் கருத்து என்ன?

வரம்போரம்:
தம்பி, நான் அந்தப் பக்கத்து விவசாயி. ஐந்து மணிக்கு வயலில் இறங்க வேண்டாம். பெரும்போகம் எனும் மாரிகால நெல் அறுவடை முடிகிற நேரம் இது. இரவில் நெல்லுக்கு வரும் யானை காட்டுக்குத் திரும்புவது விடியற்புறத்தில்தான். பங்குனியில் சூரியன் எழும்ப ஆறு மணி கடந்துவிடும். ஐந்து மணி என்றால் கும்மிருட்டு. உங்கள் கைப்பேசி வெளிச்சத்தைக் கண்டு காவல் பரணில் இருப்பவன் யானை வெடி கொளுத்தினால், மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்த நாட்டில் ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் யானை தாக்கிச் சாகிறார்கள். ஏழு மணிக்கு வாருங்கள்.

கொட்டியாரத்தான்:
ஐயா, ஏழு மணி என்றால் வயலையும் பற்றைக்காட்டையும் சுற்றி வந்து குன்றில் ஏற பத்தாகிவிடும். உச்சியில் பழைய வட்டதாகே, அதாவது தூண்கள் சூழ்ந்த வட்டமான பௌத்தக் கோயில், இருக்கிறது. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக் கருங்கல்லில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். பெருவிரலை மட்டும் ஊன்றி, தூண் நிழல் விழுந்த இடத்துக்குத் துள்ளித் துள்ளித்தான் ஓட வேண்டும். ஏப்ரல் நடுவில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். இப்போதே அதற்குக் கிட்ட வந்துவிட்டது. குழுவில் அறுபது வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

கச்சான்:
யானையையும் வெயிலையும் விடுங்கள். முப்பத்தெட்டுப் பேர் எதற்கு? தேர் இழுக்கவா போகிறீர்கள்? இத்தனை பேர் சேர்ந்தால் ஒருவர் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவருவார், இன்னொருவர் உச்சியிலிருந்து கூவி எதிரொலி கேட்பார். பாறை இடுக்கில் பெருந்தேனீ கூடு இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. சிகிரியாவில் தேனீ கலைந்து மக்கள் ஓடிய செய்திகளை நாம் படிக்காதவர்களா? மயில் அகவுவதைக் கேட்க நான்கு பேர் போதும். இதற்கு ஏற்பாட்டாளர் என்று ஒருவரும் தேவையில்லை.

பூவரசு:
கச்சான் அண்ணா, நான்கு பேராகப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டவே விடமாட்டார்கள். வான், பெரியவர்கள், இன்ன நேரத்துக்குத் திரும்புவோம் என்ற உறுதி எல்லாம் இருப்பதால்தான் அம்மா தலையசைத்தார். உங்களுக்கு நினைத்த காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம். எனக்குக் கூட்டம்தான் அனுமதிச் சீட்டு. இன்னொன்று: இத்தனை எழுதியும் பெண்களுக்குக் கழிவறை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கு மணிக்கு ஏறி நண்பகலில் திரும்பும் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் நடப்பதா? வெயில் மயக்கம் அப்படித்தான் வரும்.

கச்சான்:
தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் அது வீட்டாரைத் திருத்த வேண்டிய விடயம். அதற்காகக் குன்றில் நெரிசல் உண்டாக்க வேண்டுமா?

பூவரசு:
நீங்கள் வந்து எங்கள் அம்மாவைத் திருத்துங்கள். நான் அதற்குள் குன்றில் ஏறி இறங்கிவிடுகிறேன்.

வரம்போரம்:
கூட்டம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை பிள்ளைகளே, கூட்டம் விட்டுச்செல்லும் சேதமும் குப்பையும்தான் பிரச்சினை. வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்போம். முன்பு ஒருமுறை சுற்றுலா வந்த வான் திருப்பும்போது படங்கின்மேல் ஏறிவிட்டது. நெல்லோடு கல்லும் மண்ணும் சேர்ந்து, பெண்கள் சுளகும் கையுமாக மாலைவரை இருந்தார்கள். வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்ததுதான் மிச்சம். லன்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில் சோறு கட்டி வராதீர்கள். கறி மணத்துக்கு மாடு அதையும் சேர்த்துத் தின்கிறது. வாழையிலை போதும்.

கொட்டியாரத்தான்:
சரி, இப்படிச் செய்யலாம். வான்கள் ஐந்து மணிக்குப் புறப்படும். குச்சவெளியில் எனக்குத் தெரிந்த வீட்டில் தேநீரும் கழிவறையும் ஏற்பாடு செய்கிறேன். நடை ஆறரைக்கு, நிலம் தெளிந்த பிறகு. வான்களைப் பிரதான வீதியிலேயே நிறுத்துவோம். வயற்பாதையைச் சுருக்கினால் எட்டரைக்கு உச்சி. பதினொன்றுக்குள் எல்லோரும் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வரலாம்; மின்னல் நேரத்தில் மொட்டைப் பாறையில் நிற்க முடியாது. பாட்டுப் பெட்டி கிடையாது, கச்சான். வரம்போரம் ஐயா, ஆறரை உங்களுக்குச் சம்மதமா?

வரம்போரம்:
ஏழு என்றேன், நீங்கள் ஆறரை என்கிறீர்கள். இரவு யானை வந்ததா என்று பரணில் இருப்பவர்களிடம் கேட்டு ஐந்தரைக்கு அழைப்பு எடுக்கிறேன். வந்திருந்தால் நான் சொல்லும் வரைக்கும் தேநீர் வீட்டிலேயே இருங்கள், எட்டானாலும் சரி. இதற்குச் சம்மதம் என்றால் முன்னால் நடக்க நானே வருகிறேன்.

கச்சான்:
எட்டானால் கல் சுடும் என்று ஏற்பாட்டாளரே எழுதியிருக்கிறார். நான் என் நான்கு பேருடன் வேறு ஒரு நாள் போய்க்கொள்கிறேன்.

வரம்போரம்:
நான்கு பேர் என்றாலும் ஏழு மணிக்குப் பிறகுதான், தம்பி.