கடலூர்ல வீடு, பாண்டியில கடை: புது காரை எங்கே வாங்கி எங்கே பதியலாம்?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். கடை பாண்டி நெல்லித்தோப்புல, எலக்ட்ரிகல் சாமான். இத்தனை நாள் பைக்ல போய்ட்டு வந்தேன். பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, அம்மாவுக்கு முட்டி வலி, அதனால ஒரு பெட்ரோல் கார் பார்த்து வச்சிருக்கோம். முதல் கார்.

நாங்க பார்த்த மாடல் எக்ஸ் ஷோரூம் ₹10,42,000. கடலூர் கொட்டேஷன்ல லைஃப் டாக்ஸ், அதான் பதியும்போது மொத்தமாக் கட்டுற சாலை வரி, அது மட்டும் 18%, அதாவது ₹1,87,560. பார்த்ததும் தலை சுத்திருச்சு. அதே வண்டிக்கு பாண்டி கொட்டேஷன்ல அந்த இடத்துல இருக்கிற தொகை இதுல பாதிகூட இல்லை. ஷோரூம் பையன், "சார், கடை வாடகை ஒப்பந்தம் இருக்கு, ஜிஎஸ்டி சான்று இருக்கு, பிஒய் 01னு பாண்டி நம்பரே வாங்கிக்கலாம்"னு சொல்றான். வீட்டுக்காரம்மாவும் "கடலூர் ரோட்ல பாதி வண்டி பிஒய் நம்பர்தானே, நமக்கு மட்டும் என்ன"ங்கிறாங்க. மாமனார் மட்டும் வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்.

நான் கேக்கிறது ரெண்டு. கடை முகவரியில பாண்டி நம்பர் வாங்குறது சரியா? சரியில்லைன்னா, வண்டியை மட்டும் பாண்டியில வாங்கிட்டு வந்து கடலூர்ல பதிஞ்சா ஏதாவது மிச்சம் ஆகுமா?

ஈசிஆர் வாசி:

இதுக்கெல்லாமா இவ்வளவு யோசிப்பாங்க! உங்களுக்குக் கடையே இருக்கு. கடை இல்லாதவனே ஒண்ணுவிட்ட மச்சான் வீட்டு முகவரி கொடுத்து வாங்குறான். நான் வருஷக்கணக்கா பிஒய் வண்டிதான் ஓட்டுறேன், ஒருத்தரும் கேட்டதில்லை. ஆல்பேட்டை செக்போஸ்ட்ல டிக்கியைத் திறக்கச் சொல்லுவாங்க. அது பாட்டிலுக்கு, வரிக்கு இல்லை.

உப்பளம் பழசு:

தம்பி, நான் பாண்டியில பழைய கார் வாங்கி விக்கிறவன். பிஒய் வண்டியைத் தமிழ்நாட்டுக்குத் தள்ளி விடுறதுதான் என் பாதி பொழப்பு. அதனால விவரமாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 40. உங்க வீடோ தொழிலிடமோ எங்கே இருக்கோ, வண்டி வழக்கமா எங்கே நிக்குதோ, அந்த மாநிலத்துலதான் பதியணும். ஷோரூம் பையன் "தொழிலிடம்"ங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டான். "வழக்கமா நிக்கிற இடம்"ங்கிறதை அப்படியே விட்டுட்டான். அவனுக்கு இந்த மாச டார்கெட் முடியணும், அவ்வளவுதான். உங்க வண்டி ராத்திரி எங்கே நிக்கும்? மஞ்சக்குப்பத்துல. ஞாயித்துக்கிழமை எங்கே நிக்கும்? அங்கேதான். பகல்ல எட்டு மணி நேரம் நெல்லித்தோப்பு ரோட்டோரம் இடம் தேடி நிக்கும், அதுவும் இடம் கிடைச்சா. வாடகை ஒப்பந்தம் நிஜம், ஜிஎஸ்டி நிஜம், எல்லாம் சரி. வண்டி வீட்டுக்கு, படுக்கை கடலூர்ல. கடை வேலைக்குன்னு ஒரு சரக்கு வண்டி வாங்கி அதைக் கடையிலேயே போட்டு வச்சா நானே பிஒய் போடுங்கன்னுதான் சொல்லுவேன். இது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற கார்.

அடுத்தது அந்த 12 மாசக் கதை. "ஒரு வருஷம் வரைக்கும் ஓட்டலாம்"னு யாராவது இங்கே வந்து சொல்லுவாங்க, அதனால முந்திக்கிறேன். பிரிவு 47 சொல்றது நம்பரைப் பத்தி. வேற மாநில வண்டி இங்கே 12 மாசத்துக்கு மேல இருந்தா புது நம்பர் வாங்கணும். வரி வேற கணக்கு. அது மாநிலச் சட்டம். தமிழ்நாட்டுக்குள்ள ஓட்டினாலும், ஓட்டுறதுக்காக வச்சிருந்தாலும் வரி உண்டு. 12 மாசம் வரி விடுமுறைன்னு எங்கேயும் எழுதலை.

ஈசிஆர் வாசிகிட்ட யாரும் கேக்கலைங்கிறது உண்மைதான். கேக்கிற நாள்ல மொத்தமாக் கேப்பாங்க. 2017ல கேரளாவுல பார்த்தோமே. கோடி ரூபா வண்டிங்க, பாண்டி முகவரி, அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தா சம்பந்தமே இல்லாத ஆளு குடியிருக்கார். சினிமாக்காரங்க மேல வழக்கு, பேப்பர்ல படம். அப்போ அங்கே அந்த மாதிரி வண்டிக்கு 20% வரி, அதுல இருந்து தப்பிக்கத்தான் அத்தனையும். உங்க வண்டி கோடி ரூபா வண்டி இல்லைதான். ஆனா ஆர்டிஓ சோதனைக்கு நிக்கிற இன்ஸ்பெக்டர், கடலூர் பள்ளிக்கூட வாசல்ல தினமும் பிஒய் வண்டியைப் பார்த்தா பேப்பரைத்தான் கேப்பார், விலையை இல்லை.

இப்போ என் தொழில் பக்கம் வர்றேன். மாமனார் சொல்லாத காரணம் இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். பிஒய் வண்டியைக் கடலூர்லயோ விழுப்புரத்துலயோ விக்கப் போனா பார்ட்டி கேக்கிற முதல் கேள்வி கிலோமீட்டர் இல்லை. "என்ஓசி யார் செலவு?" அதான். என்ஓசின்னா தடையில்லாச் சான்று. படிவம் 28 போட்டு பாண்டி ஆர்டிஓகிட்ட என்ஓசி வாங்கணும். லோன் இருந்தா பேங்க் சம்மதம் வேணும். அபராதம் ஏதாவது பாக்கி இருந்தா அதைக் கட்டணும். பிறகு படிவம் 27 போட்டுத் தமிழ்நாட்டு நம்பர் கேக்கணும், வண்டியின் அசல் விலைக்கு வயசுக்கேத்த குறைப்போட லைஃப் டாக்ஸ் கட்டணும், நம்பர் பிளேட் மாத்தணும். வாங்குறவன் இந்த மொத்தத்தையும் விலையில கழிப்பான். அலைச்சலுக்குன்னு மேல ஒரு தொகையும் கழிப்பான். நானே கழிப்பேன், பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நீங்க மிச்சம் பிடிச்சது விக்கிற அன்னைக்கு என் பாக்கெட்டுக்கு வரும். நீங்க பாண்டியிலேயே இருக்கிறவங்களுக்கு வித்தா இந்தக் கழிவு இல்லை, அது வேற விஷயம்.

இவ்வளவு சொல்லிட்டு ஒரு வழியும் சொல்லாமப் போனா நல்லா இருக்காது. நீங்க எல்லைக்கு அந்தப்பக்கம் தேடுற பணம் உங்க கொட்டேஷனுக்குள்ளேயே இருக்கு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல வரி மாறினப்போ கார்களுக்கு நாலு படி வச்சாங்க: 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. பத்து லட்சத்துல இருக்கிற படிதான் பெரிய படி. 13ல இருந்து 18க்குத் தாவுது, அதுவும் மேல இருக்கிற தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும். உங்க வண்டி அந்தப் படியை ₹42,000ல தாண்டி நிக்குது. அதே வண்டியில ஒரு வேரியன்ட் கீழே என்ன விலை? பார்த்துட்டு எழுதுங்க.

கோட்டக்குப்பத்தான்:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். எங்க ஊர்ல ஒரு தெரு தாண்டினா முத்தியால்பேட்டை, அது பாண்டி. நாங்க இந்தப்பக்கம், விழுப்புரம் மாவட்டம். என் வண்டியை பாண்டி ஷோரூம்ல வாங்கி தமிழ்நாட்டுலதான் பதிஞ்சேன்.

வண்டி விலையில வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறின காலம் 2017 ஜூலை 1ஆம் தேதியோட முடிஞ்சது. இப்போ ஜிஎஸ்டி எல்லா ஊர்லயும் ஒரே விகிதம். பில்லுல மத்திய, மாநில ஜிஎஸ்டின்னு ரெண்டாப் பிரிச்சுப் போட்டாலும் ஐஜிஎஸ்டின்னு ஒரே வரியாப் போட்டாலும் கூட்டுத்தொகை ஒண்ணுதான். 2025 செப்டம்பர் 22ல குறைஞ்சதும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் குறைஞ்சது.

எனக்கு மிச்சமானது பேரத்துல. ஷோரூம் ஸ்டாக்ல தேங்கின கலர், மாசக் கடைசி, பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் போனஸ், இந்த மாதிரி. கொட்டேஷன்ல "ஹேண்ட்லிங்"னு ஒரு வரி போட்டிருந்தாங்க, அது எதுக்குன்னு கேட்டேன், எடுத்துட்டாங்க. கேக்காதவங்க கட்டுறாங்க. இன்சூரன்ஸும் ஷோரூம் சொல்ற கம்பெனியில எடுக்கணும்னு கட்டாயம் இல்லை, வெளியில விலை கேட்டுப் பாருங்க.

ஆனா அலைச்சல் உண்டு. அங்கே தற்காலிகப் பதிவு போட்டுக் கொடுப்பாங்க. அப்புறம் நீங்களே வண்டியை ஆர்டிஓவுக்குக் கொண்டு போகணும். படிவம் 20, விற்பனைச் சான்று 21, வண்டி தகுதிச் சான்று 22, தற்காலிகப் பதிவு, இன்சூரன்ஸ், பில், முகவரி, பான், லோன்னா பேங்க் பேப்பர். இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரை ஒத்துப் பார்ப்பார். உள்ளூர்ல வாங்கினா இதையெல்லாம் டீலர் ஆளே பார்த்துக்குவான். கடைசியில எனக்கு இழுத்தது நம்பர் பிளேட். அந்த ஹை செக்யூரிட்டி பிளேட்டை வித்த டீலர்தான் வரவழைக்கணும். பணம் வாங்கின பிறகு போன் எடுக்கிற வேகம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். பிளேட்டுக்குத் தேதி எழுதி வாங்கிக்கிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.

ஈசிஆர் வாசி:

பாரத் சீரிஸ் போடலாமே? மாநிலம் மாறினாலும் மாத்த வேண்டாத பிஎச் நம்பர். வரி ரெண்டு ரெண்டு வருஷமாக் கட்டினாப் போதும்.

உப்பளம் பழசு:

அது அரசு வேலை, பொதுத்துறை, ராணுவம், இல்லைன்னா நாலு மாநிலத்துக்குக் குறையாம ஆபீஸ் இருக்கிற தனியார் கம்பெனி ஆட்களுக்கு. ஊர் ஊரா மாத்தல் ஆகிறவங்களுக்குன்னு 2021ல கொண்டு வந்தது. நெல்லித்தோப்புல சொந்தக் கடை வச்சிருக்கிறவரை எவன் மாத்துவான்?

கெடிலக்கரை:

அண்ணே, ரொம்ப நன்றி. கோட்டக்குப்பத்து அண்ணனுக்கும். கீழ் வேரியன்ட் விலை பார்த்தேன், ₹9,86,000. இன்ஜின் ஒண்ணுதான், ஏர்பேக் எண்ணிக்கையும் ஒண்ணுதான். இல்லாதது சன்ரூஃப், அலாய் வீல், பெரிய ஸ்கிரீன். பெரியவளுக்கு அந்த சன்ரூஃப்தான் உயிர், அதுலதான் பிரச்சினை. இன்னொண்ணு, மேல் வேரியன்ட் கொட்டேஷன்ல டிசிஎஸ்னு ₹10,420 போட்டிருக்கான், இதுல அது இல்லையே, அது என்ன? கடைசியா, இன்சூரன்ஸுக்கு பாண்டி முகவரின்னா கம்மின்னு பையன் சொன்னான், நிஜமா?

உப்பளம் பழசு:

கணக்கைப் போடுங்க. 9,86,000க்கு 13%, ₹1,28,180. மேல் வேரியன்ட்டுக்கு 1,87,560. வரியிலேயே ₹59,380 வித்தியாசம். வண்டி விலையில ₹56,000. ரெண்டும் சேர்த்து ₹1,15,380. இதுக்குப் பொய் முகவரி வேண்டாம், என்ஓசி வேண்டாம், முள்ளோடை எல்லையைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு அடிச்சுக்க வேண்டாம். அந்த சன்ரூஃபோட விலை இப்போ என்னன்னு பெரியவகிட்ட சொல்லுங்க. கடலூர் மே மாச வெயில்ல அதைத் திறந்து வச்சவங்க யாரையும் நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

டிசிஎஸ் வருமான வரிக் கணக்கு. பத்து லட்சத்துக்கு மேல போற காருக்கு 1% டீலர் பிடிச்சு உங்க பான்ல கட்டுவான். எந்த ஊர்ல வாங்கினாலும் உண்டு. உங்க ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், அதனால அதை நஷ்டத்துல சேர்க்காதீங்க. ஆனா இப்போ கையில இருந்து போற காசுதான். கீழ் வேரியன்ட்ல அந்தப் பேச்சே இல்லை.

இன்சூரன்ஸ் கதை சும்மா. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்துல ரெண்டு மண்டலம். சென்னை, பெங்களூர், மும்பை மாதிரி எட்டு பெரிய ஊர் ஏ, மீதி எல்லாம் பி. கடலூரும் பி, பாண்டியும் பி. மூணாம் நபர் பிரீமியம் நாடு முழுக்க ஒண்ணு. பையன் வேற யாரோ சென்னை ஆளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லியிருக்கான். இன்னொண்ணும் யோசிச்சுக்கோங்க. பெரிய விபத்து ஆகி க்ளெய்ம் போடுறப்போ வண்டி எங்கே நிக்கும்னு சர்வேயர் கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க? பணம் வர வேண்டிய நேரத்துல வாதாட வேண்டிய நிலைமை வேண்டாம்.

விலை பேசறதுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் போங்க. பாண்டி கொட்டேஷனைக் கடலூர் ஷோரூம்ல மேசை மேல வைங்க, கடலூர் கொட்டேஷனை இங்கே வைங்க. ஹேண்ட்லிங், ஃபாஸ்டேக், ஃபுட் மேட், டெஃப்லான் கோட்டிங் எல்லாத்தையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. கடலூர்க்காரன் கொஞ்சம் இறங்கினா அங்கேயே எடுத்துடுங்க, பதிவு அலைச்சல் மிச்சம்.

கோட்டக்குப்பத்தான்:

கீழ் வேரியன்ட்டுக்கு சீட் கவரும் ஸ்கிரீனும் வெளியில போட்டுக்கலாம். ஷோரூம் ஆக்சசரி விலைக்குப் போகாதீங்க. ஸ்கிரீன் போடுறப்போ ஒயரை வெட்டாம கப்ளர்ல மாட்டுற ஆளாப் பாருங்க, வெட்டினா வாரண்டி தகராறு வரும். பாண்டி காமராஜ் சாலைப் பக்கம் விசாரிச்சுப் பாருங்க.

கெடிலக்கரை:

பெரியவகிட்ட கணக்கைக் காட்டினேன். "அந்த ஒரு லட்சத்துல பாதி எனக்கு லேப்டாப்"னு சொல்லிட்டா. பேரம் இன்னும் நடக்குது. நாளைக்குக் கடலூர் ஷோரூம் போறோம், மாமனாரும் வர்றார்.