பெண்கள் விடுதி வைஃபை: செமஸ்டருக்கு 300 ரூபாய் கேட்கிறார்கள், கமிட்டியில் என்ன பேசுவது?

மலர்_லேப்:

தென் மாவட்டத்துல ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல வேதியியல் பிஎச்டி பண்றேன். எங்க விடுதி மூணு மாடி, 160 ரூம், ரூமுக்கு நாலு பேர். காரிடார்ல மாடிக்கு நாலு வைஃபை பெட்டி மாட்டியிருக்காங்க. மதியம் யாரும் இல்லாதப்ப பறக்கும். ராத்திரி 9 மணி ஆச்சுன்னா சிக்னல் முழுசா காட்டும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. சில நாள் ஐபி முகவரியே கிடைக்கலைன்னு வருது, லாகின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

பசங்க லைப்ரரி மூடுற வரைக்கும் அங்க உக்காந்துக்கலாம். எங்களுக்கு கேட் 7.30க்கே பூட்டிடுவாங்க. அதனால எங்க படிப்பு முழுக்க இந்த வைஃபையை நம்பித்தான். ஆய்விதழ்கள் வேற வளாக ஐபியில இருந்தாத்தான் திறக்குது.

இப்ப ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு. "இணைய மேம்பாட்டுக் கட்டணம்" செமஸ்டருக்கு 300 ரூபாய். 640 பேர்னா வருஷத்துக்கு 3,84,000. அதை வச்சு பல்கலைக்கழக லைனை 1 ஜிபிபிஎஸ்ல (அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகம்) இருந்து 2 ஆக்கப் போறாங்களாம். அடுத்த வாரம் விடுதிக் கமிட்டி கூடுது, மாணவியர் தரப்புல நான் உக்காரணும். "கட்டணம் வேண்டாம்"னு மட்டும் சொல்லிட்டு வர எனக்கு இஷ்டமில்லை. வைஃபை நிஜமாவே வேணும். ஆனா இந்தக் காசு சரியான இடத்துக்குப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டூயல்சிம்_துரை:

தினம் 2 ஜிபி ரீசார்ஜ் பண்ணிட்டுப் போங்க. எந்தக் காலேஜ்ல வைஃபை வேலை செஞ்சிருக்கு?

மலர்_லேப்:

துரை, ஆய்விதழ் மொபைல் டேட்டால திறக்காதுன்னு மேலேயே எழுதியிருக்கேன். அதோட எங்க தரைத்தளத்துல டவரும் ஒரு கோடுதான்.

ஃபைபர்_பிச்சை:

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டர்ல ரொம்ப காலம் இருந்தவன், இப்ப ஓய்வு. மலரம்மா, லைனை ரெண்டு ஆக்குறதுக்கு முந்தி எங்க அடைக்குதுன்னு பாருங்க. அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ராத்திரி ஒன்பதரைக்கு லேப்டாப்புல கமாண்ட் ஜன்னலைத் திறந்து ரெண்டு பிங் (ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிற கட்டளை) போட்டு விடுங்க. ஒண்ணு கேட்வே முகவரிக்கு, அதாவது உங்க நெட்வொர்க்கோட வெளிவாசலுக்கு, இன்னொண்ணு வெளிய இருக்கிற கூகுளோட 8.8.8.8க்கு. கேட்வேக்கே 300, 400 மில்லிசெகண்ட் ஆகி நடுநடுவுல டைம் அவுட் ஆச்சுன்னா, கோளாறு உங்க விடுதிக் காத்துலதான், அதாவது வைஃபை அலையிலதான் இருக்கு. லைனை பத்து ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் ஒரு மாற்றமும் இருக்காது. கேட்வே மூணு, நாலுல நின்னு வெளிய மட்டும் ஏறுச்சுன்னா லைனையோ ஃபயர்வாலையோ சந்தேகப்படலாம். அதே நேரத்துல வார்டன் ஆபீஸ் லேன் சாக்கெட்ல ஒரு லேப்டாப்பைச் சொருகி வேகத்தையும் பாருங்க. மூணையும் படம் புடிச்சு வச்சுக்கோங்க. கமிட்டியில வாய்ப்பேச்சு எடுபடாது.

என் சந்தேகம் காரிடார் மேலதான். அங்க மாட்டுறது கான்ட்ராக்டருக்கு வசதி, ஒரே பைப்புல கேபிள் ஓடிடும். ஆனா பெட்டிகள் நீளமான நடையில ஒண்ணு பேசுறதை ஒண்ணு கேட்டுக்கிட்டு நிக்கும், ரூமுக்குள்ள கட்டில்ல இருக்கிற போனுக்கு ஒன்பது அங்குலச் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி மிச்சம்தான் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணு. பன்னிரண்டு பெட்டி அந்த மூணைப் பங்கு போட்டா எப்படி? வைஃபை வரலைன்னு ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போடுவீங்க, அதுல பாதி அதே மூணுக்குள்ள வந்து விழும்.

இன்னொண்ணு. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். தூரத்து ரூம்ல இருந்து பலவீனமான சிக்னல்ல பேசுற போன், ரேஷன் கடை வரிசையில முன்னாடி நின்னு சில்லறை எண்ணுறவர் மாதிரி, பின்னால நிக்கிற அத்தனை பேரையும் காக்க வைக்கும். அதனாலதான் சிக்னல் முழுசா இருந்தும் உங்களுக்கு ஒண்ணும் வரலை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினா மூச்சு விட இடம் உண்டு. 2018ல நம்ம நாட்டுல உரிமம் தேவையில்லாத பகுதியை 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விரிச்சாங்க. ஆனா அது சுவரைத் துளைக்கிறதுல இன்னும் சோம்பேறி. காரிடாரை விட்டுட்டு ரூமுக்குள்ள பெட்டி வைக்கணும், நாலு ரூமுக்கு ஒண்ணுன்னா நாற்பது.

ஐபி கிடைக்கலைங்கிறது தனி வியாதி. விடுதிக்கு /24ங்கிற அளவு முகவரித் தொகுப்பு குடுத்திருப்பாங்க, அதுல 254 முகவரிதான். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப்னு வச்சாலே 1,280. குத்தகை நேரம், அதாவது ஒரு முகவரியை ஒரு கருவிக்குன்னு ஒதுக்கி வைக்கிற நேரம், 24 மணின்னு இருந்தா, காலையில கிளம்பிப் போன போனுக்கும் ராத்திரி வரைக்கும் முகவரி ஒதுக்கியே கிடக்கும். /21 ஆக்கினா 2,046, குத்தகையை ரெண்டு மணி நேரமாக் குறைக்கணும். இதுக்குப் பைசா செலவில்லை. இதைக்கூடச் செய்யாம கட்டணம் கேட்டா, ஏன்னு கேளுங்க.

மலர்_லேப்:

சார், ரொம்ப நன்றி. ராத்திரியே பார்த்துட்டேன். என் ரூம்ல கேட்வே பிங் 200ல இருந்து 600 வரைக்கும் குதிக்குது. பெட்டிக்கு நேர் கீழ காரிடார்ல உக்காந்தா 40, 50. வார்டன் மேடம் ஆபீஸ்ல கேபிள் சொருகினா பிங் 2, ஆனா வேகம் 94 எம்பிபிஎஸ்ல நின்னுடுச்சு. எத்தனை தடவை பார்த்தாலும் 94தான், காலையில 6 மணிக்கும் அதேதான். இது நல்ல எண்ணா கெட்ட எண்ணா?

ஃபைபர்_பிச்சை:

94ஆ! அசையாம 94ல நிக்குதுன்னா அது 100 எம்பிபிஎஸ் இணைப்பு, டேட்டாவோட கூடவே போற முகவரித் தகவல் போக மிச்சம் அவ்வளவுதான் வரும். ரெண்டு வாய்ப்பு. வார்டன் சாக்கெட்டுக்குப் போற கேபிள்ல எட்டுக் கம்பிக்கு நாலுதான் ஒழுங்காக் குத்தியிருக்கு, அப்படின்னா அந்த ஆபீஸுக்கு மட்டும்தான் நஷ்டம். இல்லைன்னா விடுதிக்கு ஃபைபர் வந்து சேர்ற இடத்துல பழைய 10/100 மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கம்பிக்கு மாத்துற டப்பா, 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது) உக்காந்திருக்கு. அப்படின்னா 640 பேரும் நூறு எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போடுறீங்க. வாசல்ல 2 ஜிபிபிஎஸ் வந்து நின்னாலும் உங்களுக்கு அதே 94தான். சுவிட்ச் அலமாரியைத் திறக்கச் சொல்லி அந்தச் சின்ன டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு படம் எடுங்க. கிகாபிட்டுக்கு மாத்த சில ஆயிரம் ரூபாய் ஆகும், லட்சக் கணக்கு இல்லை.

ஆடிட்_அகிலா:

வேறொரு பல்கலைக்கழகத்துல நிதிப் பிரிவுல இருக்கேன். பணத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை.

மலர், கட்டணத்தை எதிர்க்கிறதை விட அது எந்தத் தலைப்புல வரவு வைக்கப்படும்னு கேளுங்க. விடுதிப் பொது நிதியில சேர்ந்தா அடுத்த மழைக்கு மொட்டை மாடி ஒழுகுறதுக்குப் போயிடும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. தனிக் கணக்குத் தலைப்பு, வருஷத்துக்கு ஒரு தடவை வரவு செலவை அறிவிப்புப் பலகையில ஒட்டணும்னு தீர்மானத்துலயே எழுத வைங்க. உதவித்தொகையில படிக்கிறவங்க கையில இருந்து இது தனியாப் பிடிக்கப்படுமான்னும் கேளுங்க.

பெரிய செலவுக்கு மானியம் கிடைக்கும். உயர்கல்விக்குன்னு 2013ல வந்த ரூசா திட்டம், 2023ல அதோட இடத்துல வந்த பிஎம் உஷா எல்லாம் மத்திய அரசும் மாநிலமும் 60:40ன்னு பகிர்ந்துக்கிறது. சிக்கல் என்னன்னா மானியத்துல கருவி வாங்கலாம், அஞ்சாவது வருஷம் யுபிஎஸ் பேட்டரி மாத்த அதுல வழி கிடையாது. நிறுவனங்கள் சிஎஸ்ஆர்ல (சமூகப் பொறுப்பு நிதி) குடுக்கிறதும் இப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவுப்படி கல்விக்குச் செலவழிக்கலாம். திறப்பு விழா, பேனர், போட்டோ வரைக்கும் வருவாங்க, பராமரிப்பு ஒப்பந்தம்னா கூட்டம் கலைஞ்சிடும். அதனால கருவிக்குக் காசு வெளியில தேடணும், மாணவியர் கட்டணம் பராமரிப்புக்கு மட்டும்னு பிரிச்சு வைக்கிறதுதான் எனக்கு நியாயமாப் படுது.

டெண்டர் விஷயம்: 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி பார்த்தா குறைஞ்ச விலைக்காரருக்குத்தான் வேலை போகும். அதை நாம மாத்த முடியாது. ஆனா எதோட விலையை ஒப்பிடுறோம்ங்கிறது நம்ம கையில இருக்கு. பெட்டி விலையை மட்டும் கேட்டா மலிவான பெட்டி வரும். அஞ்சு வருஷ வாரன்ட்டி, மென்பொருள் உரிமம், கேபிள் வேலை எல்லாத்தையும் சேர்த்த மொத்த விலைன்னு கேட்டா கதை வேற.

ஃபைபர்_பிச்சை:

அகிலாம்மா சொன்னது நூத்துக்கு நூறு. 2009ல ஆரம்பிச்ச தேசிய கல்வி இயக்கத்துல பல்கலைக்கழகங்களுக்கு 1 ஜிபிபிஎஸ் லைன் குடுத்தாங்க, செலவுல 75 சதவீதம் மத்திய அரசு, 25 நாங்க. லைன் வாசலுக்கு வந்து சேர்ந்துச்சு. வாசல்ல இருந்து விடுதிக் கட்டில் வரைக்கும் யார் காசுங்கிற கேள்வி இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

டெண்டர்ல எழுத இன்னும் ஒண்ணு. 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட் கேபிள் வழியாவே வைஃபை பெட்டிக்குக் கரண்ட் தர்றது) பெரும்பாலும் 370 வாட்தான் தரும். போர்ட்டுக்கு 15.4 வாட்னா கணக்கு சரியா முடிஞ்சிரும். புதுப் பெட்டிகள் சிலது 30 வாட் வரைக்கும் கேட்கும், அப்ப பன்னிரண்டு பெட்டியோட சுவிட்ச் கையை விரிச்சிடும். மொத்த வாட்டை எழுதாம போர்ட் எண்ணிக்கையை மட்டும் எழுதுற ஆளுங்களை நிறையப் பார்த்திருக்கேன். கட்டடத்துக்குக் கட்டடம் போற இணைப்பு ஃபைபர்தான்னும் எழுதுங்க. செம்புக் கம்பி இழுத்தா ஐப்பசி இடியில ரெண்டு பக்கச் சுவிட்சும் போயிரும்.

கொலோன்_குமரன்:

இங்க ஜெர்மனியில லாகின் பக்கமே கிடையாது. எடுரோம்னு பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை இருக்கு, அதுல ஒரு தடவை பேரும் பாஸ்வேர்டும் போட்டா, எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாச் சேர்ந்துக்கும். இந்தியாவுல அதைக் கல்வி நிறுவனங்களுக்கு நெட்வொர்க் தர்ற எர்நெட் நடத்துது. கேட்டுப் பாருங்க.

ஃபைபர்_பிச்சை:

நல்ல யோசனை குமரன், ஆனா எடுரோம் சேர்றதால சுவர் மெலிசாகாது. காத்து சரியான பிறகு அதைப் பார்க்கலாம். ஒரு லாபம், யார் எப்ப இணைஞ்சாங்கன்னு பதிவு ஒழுங்கா இருக்கும். 2022ல சர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைக்கணும், அதுக்கு உதவும்.

மலரம்மா, ஆய்விதழுக்கு மட்டும் இப்பவே ஒரு வழி இருக்கு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற இன்ஃபிலிப்நெட்டோட இன்ஃபெட்ங்கிற லாகின் வசதியில உங்க பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தா வளாகத்துக்கு வெளியில இருந்தும் திறக்கலாம். நூலகர்கிட்ட கணக்கு கேளுங்க.

மலர்_லேப்:

நூலகர்கிட்ட இன்னைக்கே மனு குடுத்துட்டேன். அலமாரியையும் எலக்ட்ரீஷியன் அண்ணன் திறந்து காட்டினார். டப்பா மேல 10/100ன்னுதான் எழுதியிருக்கு!

கமிட்டிக்கு எழுதி வச்சது இது: முதல்ல கன்வெர்ட்டரும் ஐபி ஒதுக்கீடும், அதுக்குக் கட்டணம் வேண்டாம். அடுத்து ஒரு மாடியில மட்டும் ரூமுக்குள்ள பெட்டி வச்சு ஒரு மாசம் பார்க்கணும். அதுல தேறினா 300 ரூபாய்க்கு நாங்க சம்மதம், தனித் தலைப்புல, பராமரிப்புக்கு மட்டும். 2 ஜிபிபிஎஸ் பேச்சு, இப்ப இருக்கிற லைன் ராத்திரியில எவ்வளவு நிறையுதுன்னு கிராஃப் காட்டின பிறகு. ஏதாவது விட்டுட்டேனா?

ஃபைபர்_பிச்சை:

யுபிஎஸ் விட்டுட்டீங்க. கரண்ட் போயிட்டு வந்தா அந்த அலமாரி எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பார்த்து அதையும் சேருங்க. அப்புறம் அலமாரிச் சாவி ராத்திரியில யார்கிட்ட இருக்கும்னு தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. சனிக்கிழமை ராத்திரி சுவிட்ச் படுத்துட்டா திங்கக்கிழமை காலையில கம்ப்யூட்டர் சென்டர் திறக்கிற வரைக்கும் உங்களுக்கு நெட் கிடையாது.