மகள் வீட்டுக்கு மான்செஸ்டர் போகிறோம், எங்கெல்லாம் பார்க்கலாம்?

மார்த்தாண்டம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மகள் மான்செஸ்டரில் நர்சாக இருக்கிறாள். மே கடைசியில் நானும் வீட்டுக்காரரும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி அங்கே போகிறோம், ஜூன் முழுக்க அங்கேதான். லண்டனை மருமகன் காட்டித் தருவார். அரண்மனை, டவர் பிரிட்ஜ் எல்லாம் அவர் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு ஆசை வேறு. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள் நான். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் சிதறால் மலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒவ்வொரு தூணாகக் காட்டிப் பழகியவள். அங்கேயும் பழமையும் வேண்டும், கண்ணுக்குப் பச்சையும் வேண்டும். இவருக்கு முழங்கால் வலி, ஏற்றம் அதிகம் ஏற மாட்டார். மகளுக்கு டூட்டி இருக்கும் நாட்களில் நாங்கள் இருவர் மட்டும் ரயிலில் போகக்கூடிய இடமாக இருந்தால் நல்லது. அங்கே இருப்பவர்கள் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த இடத்தைச் சொல்லுங்கள்.

நெய்யூர் லில்லி:

டீச்சர், மான்செஸ்டர் வரை வந்துவிட்டு லேக் டிஸ்ட்ரிக்ட் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். நான் பிரஸ்டனில் இருக்கிறேன், எனக்கும் ஆஸ்பத்திரி வேலைதான். ஊரில் இருந்து யார் வந்தாலும் முதலில் நான் கூட்டிப்போவது கெண்டலுக்கும் ஆம்பிள்சைடுக்கும். ஏரியும் மலையும் அழகு என்பது ஒரு காரணம். நெய்யூர் ஆஸ்பத்திரி இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரிது.

டாக்டர் சோமர்வெல் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் 1890இல் கெண்டலில் பிறந்தவர், ஷூ கம்பெனி நடத்திய வசதியான குடும்பம். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவில் அவரும் ஒருவர். அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தார். நெய்யூரில் வைத்தியத்துக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கவிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே டாக்டராக வந்துவிட்டார்.

1924இல் மறுபடியும் எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு முட்ட, தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் அழுத்தி அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். அப்படிப்பட்ட மனிதர் அப்புறம் தன் உழைப்பு நாளெல்லாம் நம் ஜனங்களின் வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி பிடித்துக்கொண்டு இருந்தார். எங்கள் பாட்டி அவர் கையால் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர், கடைசி வரை ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுவார். ஓய்வுபெற்ற பிறகு அவர் வாழ்ந்த ஊர் ஆம்பிள்சைடு. 1975இல் அங்கேயே இறந்தார். அந்த மலைகளைப் பார்க்கும்போது, இதையெல்லாம் விட்டுவிட்டா நெய்யூருக்கு வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

சரி, போகும் வழி. மான்செஸ்டரில் இருந்து விண்டர்மியருக்கு நேர் ரயிலும் உண்டு. இல்லாவிட்டால் ஆக்ஸன்ஹோமில் இறங்கி மாற வேண்டும். கெண்டல் அந்தக் கிளைப் பாதையிலேயே வரும். விண்டர்மியர் ஸ்டேஷனில் இறங்கி போனெஸ் (Bowness) என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனால் அங்கிருந்து ஆம்பிள்சைடுக்கு படகு இருக்கிறது. இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி இந்த விண்டர்மியர்தான், நீளம் சுமார் 17 கிலோமீட்டர். சாருக்கு முழங்கால் வலி என்கிறீர்களே, அவருக்கு இந்தப் படகைவிட நல்ல இடம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே எல்லா மலையையும் பார்த்துவிடலாம்.

ஆம்பிள்சைடில் ஓடைக்கு மேலேயே கட்டிய ஒரு குட்டி வீடு இருக்கிறது, பிரிட்ஜ் ஹவுஸ் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கிருந்து 555ஆம் நம்பர் பஸ்ஸில் மாடியில் முன் சீட்டு பிடித்துக் கெஸ்விக் வரை போங்கள். வழியில் கிராஸ்மியர் வரும், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த வீடு அங்கேதான். கெஸ்விக்கில் இறங்கி டாக்ஸி பிடித்து காசில்ரிக் போங்கள். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான பெருங்கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் மலை. ஏறக்குறைய 5,000 வருடப் பழமை என்கிறார்கள். டிக்கெட் இல்லை, கற்களுக்கு நடுவிலேயே நடக்கலாம். பெயர்பெற்ற இன்னொரு கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் சாதாரணமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். எனக்கு காசில்ரிக்தான் ஒசத்தி.

வரலாறு டீச்சர் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், காமராஜர் திட்டம், 1966இல் கட்டியது. வேல்ஸில் பான்ட்கசுல்தே என்ற இடத்தில் 126 அடி உயரத்தில் ஒரு தொட்டிப்பாலம் இருக்கிறது. தாமஸ் டெல்ஃபோர்டு என்ற எஞ்சினியர் கட்டி 1805இல் திறந்தார்கள். கல் தூண்களுக்கு மேல் வார்ப்பிரும்புத் தொட்டி, நீளம் 307 மீட்டர். தொட்டியில் தண்ணீர் மட்டுமல்ல, படகே போகிறது! ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறு பக்கம் கம்பியே கிடையாது, படகில் இருந்து எட்டிப் பார்த்தால் நேரே கீழே டீ ஆறுதான். சாரும் நீங்களும் அந்தப் படகில் ஏறிக்கொள்ளலாம், நடக்கவே வேண்டாம். செஸ்டர் வழியாக ருவாபன் ஸ்டேஷன், அப்புறம் பஸ் அல்லது டாக்ஸி. செஸ்டரில் ரோமர் காலத்தில் தொடங்கிய நகரச் சுவர் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கிறது, அதன் மேலேயே நடக்கலாம்.

யார்க்கையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். பெரிய தேவாலயத்தின் கிழக்கு ஜன்னல் 1405 முதல் 1408 வரை செய்த வண்ணக் கண்ணாடி. ரயில்வே மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை.

ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் ரயில்கார்டு எடுங்கள். 60 வயது ஆனவர்களுக்குத் தனிக் கார்டு. இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து போகிற ‘டூ டுகெதர்’ கார்டு, வார நாட்களில் காலை 9.30க்கு மேல்தான் செல்லும். மூன்றில் ஒரு பங்கு குறையும். மே கடைசித் திங்கள் பேங்க் ஹாலிடே, அந்த வாரம் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் லீவு. அந்த வாரத்தில் ஏரிப் பக்கம் போகாதீர்கள், ரூம் விலை கேட்கவே முடியாது.

குளச்சல் கடற்காற்று:

லில்லி அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலைப் பார்க்க வேண்டாமா? மான்செஸ்டரில் இருந்து ரொம்பத் தூரம்தான், போனால் ராத்தங்க வேண்டும். நான் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. ஃபால்மவுத்தில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது லீவு நாளெல்லாம் அந்தப் பக்கம்தான் சுற்றினேன்.

லேண்ட்ஸ் எண்ட் இங்கிலாந்தின் மேற்கு முனை. இங்கே ‘காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை’ என்று சைக்கிளில் வருகிறார்களே, அங்கே அதே மாதிரி லேண்ட்ஸ் எண்டில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ குரோட்ஸ் வரை ஓட்டுகிறார்கள். மொத்தம் 874 மைல். ஆனால் கடைகள் அதிகம், நான் அங்கே நிற்பதைவிட செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டில் நிற்கத்தான் ஆசைப்படுவேன். கடலுக்குள் ஒரு பாறைத் தீவு, உச்சியில் கோட்டை. விவேகானந்தர் பாறைக்கு எப்போதும் படகுதான். அங்கே வற்றம் இறங்கினால், அதாவது கடல் நீர் உள்வாங்கினால், கல் பாதை வெளியே வந்துவிடும், கரையில் இருந்து நடந்தே போகலாம். கடல் நீர் ஏறிவிட்டால் படகு. வற்ற நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோட்டைக்கு ஏறும் வழி உருண்டைக் கல் பாவியது, சார் கீழேயே இருந்துகொள்வது நல்லது.

பக்கத்தில் போர்த்கர்னோ என்ற சின்னக் கடற்கரை. 1870இல் பம்பாயையும் பிரிட்டனையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி அங்கேதான் கரையேறியது. இப்போது மியூசியம். அதன் மேலே குன்றில் மினாக் என்ற திறந்தவெளி நாடக அரங்கு, ரோவீனா கேட் என்ற பெண்மணி பாறையைக் குடைந்து கட்டியது. மேடைக்குப் பின்னால் திரை கிடையாது, கடல்தான். அப்புறம் நியூலின் மீன்பிடித் துறைமுகம். அங்கே கிடைக்கும் சாளை நம் சாளைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மிளகாய்த்தூள் கையோடு கொண்டுபோங்கள்.

வடசேரி தமிழாசிரியர்:

லண்டன் போகிற வாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள் டீச்சர். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு. போப் 1908இல் இறந்தார். கல்லறை அங்கே வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஸ்டேஷனில் இருந்து நடந்தே போகலாம். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரைத் தினமும் பார்க்கிற நாம் அந்தக் கல்லறைக்கு ஒரு பூ வைக்கக் கடமைப்பட்டவர்கள்.

லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் லண்டன் மிஷன் ஆவணங்கள் இருக்கின்றன. 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் போன்றவர்கள் வேலை செய்த சங்கம் அது. பார்க்க ஆசை இருந்தால் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தொட்டிப்பாலத்தைச் சொன்னதும் இவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது, மாத்தூர்தான் இவர் அம்மா ஊர். கார்ன்வாலை மகளின் லீவைப் பார்த்து முடிவு செய்கிறோம். லில்லி, ஏரிப் பக்கம் மழை அதிகம் என்று மகள் பயமுறுத்துகிறாள், ஜூனிலும் இருக்குமா?

நெய்யூர் லில்லி:

இருக்கும் டீச்சர். இங்கிலாந்திலேயே அதிக மழை அந்த மலைகளில்தான். ஆனால் நம் ஊர் ஜூன் மழையான இடவப்பாதி போல விடாமல் கொட்டாது. அரைமணி நேரம் தூறும், வெளுக்கும், மறுபடி தூறும். குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் நனைந்தாலும் சாயங்காலம் பார்க்கலாம். ஆம்பிள்சைடு போகிற நாளை மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள். ரயில் பிரஸ்டன் வழியாகத்தான் வரும், டூட்டி இல்லையென்றால் நானும் ஏறிக்கொள்கிறேன்.